வரிசை எண் மட்டும் போதாது, நடுவில் நிற்கிற பிள்ளையின் சம்பளத்தையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழோடு வந்த உயர்கல்விச் சிறப்பு இணைப்பைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் சங்கரன்கோவிலில் 2006இலிருந்து பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். ஜெராக்ஸ், லேமினேஷன், பட்டா, வில்லங்கச் சான்று, ரயில் டிக்கெட் எல்லாம் உண்டு. ஆனால் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து ஆகஸ்ட் வரை கடை ஓடுவது பொறியியல் கலந்தாய்வை நம்பித்தான். விண்ணப்பம், சான்றிதழ் ஸ்கேன், கட்டணம், வேண்டிய கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்கும் சாய்ஸ் ஃபில்லிங் என்று ஒரு பிள்ளை குறைந்தது ஐந்து தடவை என் கடைப் படி ஏறும். நாலு வருடம் கழித்து அதே பிள்ளை பயோடேட்டா பிரிண்ட் எடுக்கவும் வரும். சேர்த்துவிட்டவர்கள் அந்த இரண்டாவது வருகையைப் பார்ப்பதில்லை, நான் பார்க்கிறேன். அதனால்தான் எழுதத் தோன்றியது.

உங்கள் இணைப்பு வந்த மறுநாள் காலை ஷட்டரைத் தூக்குமுன்பே ஒருவர் அதைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு மகளோடு நின்றார். புளியங்குடிப் பக்கம் எலுமிச்சைத் தோட்டம் குத்தகைக்கு எடுத்திருப்பவர். மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தவள். கணக்கில் 93, இயற்பியலில் 86, வேதியியலில் 85. கணக்கு முழுசாக, மற்ற இரண்டும் பாதியாக, இருநூறுக்குப் போடும் கட்-ஆஃப் 178.5. அவர் இணைப்பின் மூன்றாம் பக்கத்தை என் மேஜையில் விரித்து, பால்பாயின்ட் பேனாவால் வட்டம் போட்டிருந்த ஒரு பெயரைக் காட்டினார். சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். "தங்கச்சி, இந்திய அளவுல வரிசையில இருக்காம். இதுல சேத்துவிட்டுருவமா?"

வட்டம் போட்ட பெயர் இருந்த பட்டியல் செய்தி. அதற்கு எதிர்ப்பக்கத்தில் அதே நிறுவனத்தின் முழுப்பக்க விளம்பரம். இணைப்பின் பன்னிரண்டு பக்கங்களில் எட்டு விளம்பரம், அதில் இரண்டில் 'விளம்பரப் பகுதி' என்று போட்டிருந்த எழுத்தைப் படிக்க அந்த அண்ணாச்சிக்குக் கண்ணாடி போதவில்லை. அவர் எல்லாவற்றையும் செய்தி என்றுதான் நினைத்திருந்தார். நான் உங்களைக் குற்றம் சொல்வதாக நினைக்க வேண்டாம், பத்திரிகைக்கும் வருமானம் வேண்டும்தான். ஆனால் குற்றம் சொல்லத்தான் செய்கிறேன்.

அந்தத் தரவரிசையை நீங்கள் அப்படியே அச்சிட்டிருந்தீர்கள். எதை எண்ணி அந்த வரிசை வந்தது என்பது எங்கேயும் இல்லை. என்.ஐ.ஆர்.எஃப். என்கிற இந்தப் பட்டியலை மத்திய அரசு 2016இலிருந்து வெளியிடுகிறது. பொறியியலுக்கு நூற்றுக்குக் கணக்கு இப்படி: கற்பித்தலுக்கும் வசதிகளுக்கும் 30, ஆராய்ச்சிக்கு 30, தேர்ச்சி, வேலை, மேற்படிப்பு எல்லாம் சேர்த்து 20, பெண்கள், வெளி மாநிலத்தார், வசதியில்லாதவர்கள் எவ்வளவு பேர் படிக்கிறார்கள் என்பதற்கு 10, மீதி 10 'மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள்' என்பதற்கு. அதாவது பெயர் இருப்பதற்கே பத்து மார்க். அந்த மார்க்கால் வரிசையில் ஏறினால் மறுபடியும் பெயர். ஆராய்ச்சி மார்க் கட்டுரைகளின் எண்ணிக்கையும் காப்புரிமையும் பார்த்து வருவது. நாட்டுக்கு அது முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் முதல் வருட மாணவிக்கு எஞ்சினியரிங் டிராயிங் புரியும்படி சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர் அங்கே இருக்கிறாரா என்பதை அந்த முப்பது மார்க்கில் எங்கே தேடுவது?

முதல் நூறு கல்லூரிகளுக்குத்தான் தனித்தனி இடம். அதற்கப்புறம் 101 முதல் 150 வரை, 151 முதல் 200 வரை, 201 முதல் 300 வரை என்று மொத்தமாகக் கட்டிப்போட்டுவிடுகிறார்கள். இங்கே கலந்தாய்வில் இருக்கும் கல்லூரிகள் நானூறுக்கு மேல். என் கடைக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் போய்ச் சேர்வது இந்தக் கட்டுகளிலோ, கட்டிலேயே இல்லாத கல்லூரிகளிலோதான். ஐஐடியா, திருச்சி என்ஐடியா என்று குழம்புகிறவர்கள் என் கடைக்கு வருவதில்லை.

இன்னொன்று. 2025ஆம் ஆண்டுப் பட்டியல் செப்டம்பர் 4ஆம் தேதிதான் வந்தது. அதற்குள் இங்கே பொதுக் கலந்தாய்வே முடிந்து பிள்ளைகள் ஹாஸ்டலுக்குப் பக்கெட் வாங்கிக்கொண்டிருந்தார்கள். இப்படித் தாமதமாகும் வருடங்களில் ஜூன், ஜூலையில் பெற்றோர் கையில் இருப்பது போன வருடப் பட்டியல், அதற்குள் இருக்கும் விவரம் அதைவிடப் பழையது.

சரி, அண்ணாச்சி விஷயத்துக்கு வருகிறேன். அவருக்கு டீ சொல்லிவிட்டு, அந்தப் பல்கலைக்கழகம் என்.ஐ.ஆர்.எஃப்.க்குக் கொடுத்த பிடிஎஃப் கோப்பை இறக்கினேன். இது ரகசியம் ஒன்றுமில்லை. பட்டியலுக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள் தாங்கள் கொடுத்த விவரத்தைத் தங்கள் இணையதளத்தில் போட்டாக வேண்டும். பெரும்பாலும் முகப்பின் அடியில், கண்ணில் படாத மூலையில் ஒரு சின்ன இணைப்பாக இருக்கும். அதில் ஒவ்வொரு வருடமும் எத்தனை பேர் சேர்ந்தார்கள், குறித்த காலத்தில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேர் மேற்படிப்பு, இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்று ஒரு கட்டம் இருக்கிறது.

இடைநிலை என்றால் என்னவென்று அவருக்கு இப்படிச் சொன்னேன்: "வேலை கிடைச்ச பிள்ளைகள சம்பளப்படி வரிசையா நிறுத்துங்க அண்ணாச்சி. நட்டநடுவுல நிக்கிற பிள்ளை என்ன வாங்குது, அதுதான்." விளம்பரத்தில் ஒரு பையன் படம், கீழே 'வருடம் 44 லட்சம்'. பிடிஎஃப் கட்டத்தில் நடுவில் நிற்கிற பிள்ளைக்கு மூன்றரை லட்சம். அதுவும் வேலை கிடைத்தவர்களை மட்டும் நிறுத்திய வரிசை. சேர்ந்த ஆயிரத்துச் சொச்சம் பேரில் வேலைக்குப் போனவர்கள் பாதிக்குக் கொஞ்சம் மேல்.

அவர் வாயைத் திறக்கவில்லை. மகள்தான் கேட்டாள்: "அக்கா, அந்த 44 லட்சம் பொய்யா?"

பொய் இல்லை. அந்தப் பையன் நிஜமாகவே வாங்கியிருப்பான். ஆயிரம் பேரில் ஒருவன். அவன் அங்கே படித்ததால் வாங்கினானா, எங்கே படித்திருந்தாலும் வாங்கியிருப்பானா என்பதை விளம்பரம் சொல்லாது. 'இத்தனை ஆயிரம் வேலை வாய்ப்புகள்' என்ற வரியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரே பிள்ளைக்கு மூன்று கம்பெனி ஆஃபர் கொடுத்தால் மூன்று என்று எழுதுவார்கள். ஆள் ஒருவர்தான்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு வேகம் என்றால், என் தம்பி கதை அப்படி.

அப்போது கலந்தாய்வு ஆன்லைனில் கிடையாது, 2018இல்தான் அப்படி மாறியது. அதுவரை எல்லோரும் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்கே நேரில் போக வேண்டும். 2010இல் நானும் தம்பியும் அப்பாவும் பொதிகை எக்ஸ்பிரஸில் போனோம். அம்மா கட்டிக்கொடுத்த புளிசாதம் எழும்பூர் வருவதற்குள் தீர்ந்துவிட்டது. கேட்டுக்கு வெளியே கைநிறைய நோட்டீஸ்களோடு இளைஞர்கள் நின்றார்கள். உள்ளே போய் தம்பிக்கு மெக்கானிக்கலில் கிடைத்தது எங்கள் பக்கத்துக் கல்லூரி ஒன்று. பெயர் அவ்வளவாகத் தெரியாது. வெளியே வந்ததும் நோட்டீஸ் கொடுத்தவரில் ஒருவர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். "இந்தக் காலேஜ்ல படிச்சா யார் சார் உங்க பையனை மதிப்பாங்க" என்ற அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. அப்பா தறி முதலாளிகளிடம் பாவு நூல் கணக்கு எழுதிவந்தவர். வாழ்நாள் முழுக்க யாரும் அவரை 'சார்' என்று கூப்பிட்டதில்லை.

சென்னைக்குப் பக்கத்தில், ஊர் முழுக்கத் தெரிந்த பெயர் உள்ள கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்தோம். அம்மாவின் ஆறு பவுன், வங்கிக் கடன், போதாததற்கு வட்டிக்கு. தம்பி மக்கு இல்லை. ஆனால் முதல் வருடத்திலேயே மூன்று அரியர். அறுபது பேர் உட்காரும் வகுப்பில் ஆங்கிலத்தில் கேள்வி கேட்க அவனுக்கு வாய் வரவில்லை என்பதை நாலாம் வருடத்தில்தான் சொன்னான். வளாகத்துக்குப் பெரிய கம்பெனிகள் வந்ததும் உண்மைதான். அரியர் இருக்கிறவர்கள் அந்த ஹாலுக்குள்ளேயே போக முடியாது என்பதும் உண்மை.

எங்கள் தெருவிலேயே இன்னொரு பையன், தறிக்காரர் மகன். தம்பிக்கு முதலில் கிடைத்த அந்தப் பெயர் தெரியாத கல்லூரியில் அதே மெக்கானிக்கல் படித்தான். வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வந்தான். முடித்துவிட்டு கோயம்புத்தூரில் ஆறு மாதம், கம்ப்யூட்டர் வைத்து ஓட்டும் சிஎன்சி மெஷின் வேலை பழகினான். 2015இல் இருவரும் ஒரகடத்தில் ஒரே தொழிற்சாலையில் சேர்ந்தார்கள். தம்பி அனுப்பிய போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது. ஒரே சாம்பல் நிறச் சட்டை, ஒரே கேன்டீன் தட்டு, ஒரே சம்பளம். தம்பியின் சட்டைப் பைக்குள் மட்டும் கடன். அது 2021இல்தான் முடிந்தது. பெயருக்காக நாங்கள் கொடுத்த விலை என்று அந்தப் போட்டோவைத்தான் சொல்வேன்.

அந்தக் கல்லூரியில் படித்து நன்றாக இருப்பவர்கள் நிறையப் பேர். என் தம்பிக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான். பொருந்துமா என்று பார்க்கிற நேரத்தில் நாங்கள் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இப்படிச் சொன்னதால் பெயரே வேண்டாம் என்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எதிர்ப்பக்கத்துக்கும் என்னிடம் ஆள் இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு பொறியியலுக்கும் வந்த முதல் வருடம், 2021. விசைத்தறிக் கூடத்தில் கூலிக்குப் போகும் தம்பதியின் மகனுக்குக் கிண்டி பொறியியல் கல்லூரியிலேயே இடம் கிடைத்தது. 1794இல் சர்வே பள்ளியாகத் தொடங்கிய இடம். அந்தப் பையனுக்கு அது வெறும் வரலாறு. அவன் எனக்குச் சொன்ன காரணங்கள் வேறு. கல்லூரிக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்றுக்கொண்டது. சீனியர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்து, இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள் என்று ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்த்தி வைத்துக் கேட்டார்கள். கம்பெனிகள் அங்கே தேடி வந்தன. சில கம்பெனிகள் அந்த மாதிரி ஐந்தாறு வளாகங்களுக்குத்தான் வரும், எங்கள் பக்கம் எட்டிப்பார்க்காது. 2025இல் வேலை ஆர்டரைப் பிரிண்ட் எடுக்க வந்தவனிடம் நான் காசு வாங்கவில்லை. அவன் அம்மாவுக்கும் ஒரு காப்பி லேமினேட் பண்ணிக் கொடுத்தேன்.

என் மகள் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறாள். அவளிடம் இந்த இரண்டு கதையையும் சொல்லி, இதில் எதை நம்புவது என்று கேட்டேன். அமெரிக்காவில் டேல், க்ரூகர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் இதையே கணக்குப் போட்டுப் பார்த்து 2002இல் வெளியிட்டார்களாம். பெரிய பெயருள்ள கல்லூரியில் இடம் கிடைத்தும் அவ்வளவு பெயரில்லாத கல்லூரிக்குப் போன பிள்ளைகள், பின்னாளில் சம்பளத்தில் பெரும்பாலும் பின்தங்கவில்லை. திறமை பிள்ளையிடம் இருந்தது, கட்டிடத்தில் இல்லை. ஆனால் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் பெரிய கல்லூரி நிஜமாகவே கைகொடுத்தது. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு மாமாவும் சித்தப்பாவும் செய்கிற சிபாரிசை, இல்லாதவனுக்குக் கல்லூரி செய்கிறது என்று நான் புரிந்துகொண்டேன். மகள் 'கிட்டத்தட்ட சரிதான்' என்றாள்.

ஆகவே என் கட்சி இது: மார்க்கில் கிடைக்கிற பெயரை விடாதே, கடனில் வாங்குகிற பெயரை யோசி. கிண்டியோ, எங்களுக்குப் பக்கத்தில் திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியோ, கலந்தாய்வில் கட்-ஆஃப் கொடுத்து வாங்குகிற இடம். அங்கே பெயர் இலவசமாக வருகிறது, வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

புளியங்குடி அண்ணாச்சியிடமும் இதைத்தான் சொன்னேன். அவர் உடனே ஒரு பாயின்ட் எடுத்தார், என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. "தரவரிசையில இருக்கிற காலேஜுக்கு கவர்மெண்டே அடமானம் இல்லாம கடன் தருதாமே தங்கச்சி. கவர்மெண்டே நம்புற காலேஜு, நாம நம்பக்கூடாதா?" அவர் சொன்னது பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தை. 2024 நவம்பரில் ஒப்புதல் ஆனது. என்.ஐ.ஆர்.எஃப். பட்டியலில் முதல் நூறுக்குள் இருக்கும் நிறுவனங்கள், நூறுக்கும் இருநூறுக்கும் இடைப்பட்ட மாநில அரசு நிறுவனங்கள், மத்திய அரசு நிறுவனங்கள் என்று ஒரு பட்டியல் போட்டு, அங்கே இடம் கிடைத்தால் பிணையோ ஜாமீனோ இல்லாமல் கடன் கொடுக்கிறார்கள். ஆக, தரவரிசை இப்போது வெறும் கௌரவமாக மட்டும் இல்லை, வங்கிக் கவுன்டரைத் திறக்கிற சாவியாகவும் ஆகிவிட்டது. கஷ்டப்பட்ட பிள்ளை நல்ல இடத்துக்குப் போக உதவுகிற திட்டம், நல்லதுதான். ஆனால் கடன் சுலபமாகக் கிடைப்பதும் கல்லூரி நல்லதாக இருப்பதும் ஒன்று என்று இந்த அண்ணாச்சி மாதிரி ஆயிரம் பேர் நினைப்பார்கள். அடமானம் இல்லாத கடனுக்கும் மாதத் தவணை உண்டு. மூன்றரை லட்சம் சம்பளக்காரர் சென்னையில் வாடகை கொடுத்துவிட்டு எவ்வளவு கட்ட முடியும் என்று காகிதத்தில் போட்டுக் காட்டினேன். தம்பி கணக்கு எனக்கு மனப்பாடம்.

இனி கொஞ்சம் வெட்கமான விஷயம். 2012இலிருந்து 2016 வரை என் கடைப் பெயர்ப் பலகையில் மேல் பாதி ஒரு கல்லூரியின் விளம்பரம். பலகைச் செலவை அவர்கள் ஏற்றுக்கொண்டு, ஒரு இன்வெர்ட்டரும் கொடுத்தார்கள். அந்த வருடங்களில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். நான் யாரையும் அந்தக் கல்லூரிக்குப் போகச் சொன்னதில்லை. சொல்ல வேண்டியதே இல்லை, பலகை சொல்லிக்கொண்டிருந்தது. தம்பி ஒரு லீவில் வந்தவன் அண்ணாந்து பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் உள்ளே போய்விட்டான். அடுத்த மாதம் பலகையை மாற்றினேன். இன்வெர்ட்டரை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

இப்போது வருகிறவர்கள் பலகையெல்லாம் கேட்பதில்லை. சாய்ஸ் ஃபில்லிங்கில் அவர்கள் கல்லூரி எண்ணை முதல் மூன்றுக்குள் தூக்கிப்போட்டால் ஒரு பிள்ளைக்கு ஐயாயிரம் என்று இரண்டு வருடம் முன்பு ஒருவர் நேராகவே சொன்னார். பிள்ளைகளின் பாஸ்வேர்டு என் போன்றவர்கள் கையில் இருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. பெற்றோருக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: என் கடை உட்பட எந்தக் கடையிலும் பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். பிள்ளையே உட்கார்ந்து தட்டட்டும்.

தர முத்திரைகளின் கதையும் இதுதான். கல்லூரிகளுக்குத் தரச்சான்று கொடுக்கும் 'நாக்' என்ற அமைப்பின் ஏ++ பெரிய எழுத்தில் ஃபிளெக்ஸில் இருக்கும். அது மொத்தக் கல்லூரிக்கும் கொடுப்பது, பிள்ளை சேரப்போகும் துறையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அந்த ஏ++ தருவதற்காக லஞ்சம் வாங்கியதாகக் குற்றம்சாட்டி 2025 பிப்ரவரியில் நாக் ஆய்வுக் குழுவினரையே சிபிஐ கைது செய்த செய்தி உங்கள் நாளிதழிலும் வந்திருக்கும். அதற்கு முந்தைய வருடம் ஊழலை எதிர்த்து வேலை செய்யும் அறப்போர் இயக்கம் வெளியிட்டது இன்னும் நெருக்கமான சங்கதி. முந்நூறுக்கு மேற்பட்ட ஆசிரியர்களை ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பொறியியல் கல்லூரிகளில் முழுநேரம் வேலை பார்ப்பதாகக் கணக்குக் காட்டியிருந்தார்கள் என்பது அது. பட்டியலில் கற்பித்தலுக்கு என்று வைத்த முப்பது மார்க்கில் ஆசிரியர் எண்ணிக்கையும் சேரும். அந்த எண்ணிக்கை கல்லூரி தானே எழுதிக் கொடுப்பது. கல்லூரிகள் தரும் விவரங்களைச் சரிபார்க்காமல் தரவரிசை போடுகிறார்கள் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கே நடந்தது. 2025 மார்ச்சில் இடைக்காலத் தடை விதித்து, பிறகு தடை நீங்கித்தான் அந்த செப்டம்பர் பட்டியல் வெளியானது.

பிடிஎஃப்பில் நான் தவறாமல் பார்க்கிற இன்னொரு இடம் ஆசிரியர் பட்டியல். பெயர், படிப்பு, அனுபவம், சேர்ந்த தேதி எல்லாம் இருக்கும். சேர்ந்த தேதி வரிசையில் மேலிருந்து கீழாக விரலை ஓட்டினாலே போதும். பாதிப் பேர் சென்ற ஜூலையில் சேர்ந்திருந்தால் அதற்கு முந்தைய பாதிப் பேர் எங்கே போனார்கள் என்று கேள்வி வருமா வராதா? பெற்றோர் கல்லூரியைப் பார்க்கப் போகும்போது வரவேற்பறையில் உட்காராமல் கேட்டுக்கு எதிர் டீக்கடையில் உட்காரச் சொல்வேன். மூன்றாம் வருடப் பையன்கள் அங்கே நிற்பார்கள். ஒரு வடை வாங்கிக் கொடுத்தால் ஒரு ஆய்வுக் குழு எழுதுவதைவிட அதிகம் சொல்வார்கள்.

பெயர் வாங்கிய கல்லூரி அந்தப் பெயரை வைத்து என்ன செய்கிறது என்றும் பாருங்கள். 2024-25இலிருந்து, நன்றாக நடக்கும் கல்லூரிகளுக்கு ஒரு பாடப்பிரிவில் இத்தனை இடம்தான் என்றிருந்த உச்சவரம்பை, தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் மத்திய அமைப்பான ஏஐசிடிஇ எடுத்துவிட்டது. கூட்டம் எங்கே வருகிறதோ அங்கே கம்ப்யூட்டர் சயன்ஸ் இடங்கள் பெருகின. சென்ற தீபாவளி லீவில் ஒரு பெண் போனஃபைட் சான்று பிரிண்ட் எடுக்க வந்தாள். நல்ல பெயருள்ள கல்லூரி. அடையாள அட்டையில் 'சிஎஸ்இ – எச்' என்று போட்டிருந்தது. ஹாஸ்டலா என்று கேட்டேன். "இல்லைக்கா, எச் செக்‌ஷன். கே வரைக்கும் இருக்கு." ஏ பிரிவுக்குப் பாடம் எடுக்கிற அனுபவசாலி ஆசிரியர் கே பிரிவுக்கு எப்போது வந்து சேர்வார்?

உங்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அடுத்த வருட இணைப்பில் தரவரிசையைப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் பக்கத்தில் நாலு கட்டம் சேர்த்துப் போடுங்கள்: சேர்ந்தவர்கள், குறித்த காலத்தில் முடித்தவர்கள், வேலை கிடைத்தவர்கள், இடைநிலைச் சம்பளம். எல்லாம் கல்லூரிகளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த எண்கள்தான், யாரும் உங்கள் மீது வழக்குப் போட முடியாது. தன்னாட்சி இல்லாத கல்லூரிகளின் செமஸ்டர் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகமே வெளியிடுகிறது, அதையும் போடலாம். தன்னாட்சிக் கல்லூரிகள் கேள்வித்தாளும் தாங்களே போட்டுத் திருத்தியும் கொள்வதால் அந்தத் தேர்ச்சியை இதோடு ஒப்பிட முடியாது என்று ஒரு வரியும் சேர்த்துவிடுங்கள். தென்காசி, தூத்துக்குடி, திருநெல்வேலி, விருதுநகர் நாலு மாவட்டத்துக்கும் போட்டால் எங்கள் பதிப்புக்கு ஒரு பக்கம் போதும். தட்டச்சு செய்ய ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள், ஒரு வாரத்தில் நானே அடித்துத் தருகிறேன். கூலி வேண்டாம்.

அண்ணாச்சி மகள் இன்று காலை தானே உட்கார்ந்து சாய்ஸ் ஃபில்லிங் முடித்தாள். முதலில் திருநெல்வேலி அரசுக் கல்லூரி எலெக்ட்ரானிக்ஸ், அடுத்து அங்கேயே எலெக்ட்ரிக்கல், அதற்கப்புறம் பஸ்ஸில் போய் வரக்கூடிய மூன்று கல்லூரிகள், மொத்தம் இருபத்தேழு. 178.5க்கு முதல் இடம் கிடைக்குமா என்று சொல்ல முடியாது, ஒதுக்கீடு வரும்வரை மூவரும் காத்திருக்கிறோம். வட்டம் போட்ட அந்தப் பக்கத்தை அண்ணாச்சி இன்னும் நாலாக மடித்துச் சட்டைப் பையில்தான் வைத்திருக்கிறார். கேட்டதற்கு, "இருக்கட்டும் தங்கச்சி, கிடைக்கலைன்னா பாக்கலாம்" என்றார்.

அந்த அட்டவணையைப் போடும்போது ராசிபலன் போடுகிற அளவு எழுத்திலாவது போடுங்கள். அண்ணாச்சிக்குக் கிட்டத்தில் இருக்கும் எழுத்து சரியாகத் தெரியாது.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகி,
சங்கரன்கோவில்.

(பெயரையும் கடைப் பெயரையும் வெளியிட வேண்டாம். ஐயாயிரக்காரர் இந்த வருடமும் வருவார்.)